401இல் ஏறாத அண்ணை

ஸ்காபரோவில் குடியிருந்துகொண்டு, வெஸ்ரன் வீதியில் வேலைக்குப் போய்க்கொண்டு, 401 பெருந்தெருவில் ஒருநாளும் ஏறாத ஒரு மனிதரை எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நகரின் கிழக்கு முனையில் எங்கள் வீடு, மேற்கு முனையில் தொழிற்சாலை, இரண்டையும் நேர்கோடாக இணைத்துக்கொண்டு நடுவில் 401. ஏறினால் அரை மணித்தியாலம். அவர் எல்ஸ்மியர் வீதியில் தொடங்கி, யோர்க் மில்ஸ் பள்ளத்தில் இறங்கி ஏறி, வில்சன் வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நின்று, ஒன்றேகால் மணித்தியாலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நான் அந்தக் காரில் நாலரை வருடம் போய் வந்தவள். சாட்சி சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மோர்னிங்சைட்டில் வீடு வாங்கியதும், அந்த நாளில் வீடு வாங்கிய எல்லாரையும் போல பேஸ்மன்றை வாடகைக்கு விட்டோம். குடி வந்தவர்கள் அவரும் மனைவியும். அவருக்கு ஐம்பதுக்குக் கிட்ட வயது. பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு அவர் அண்ணை, மனைவி அக்கா. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கோபிக்கமாட்டார், ஆனால் ஒரு கிழமைக்கு வெளியே தலை காட்டமாட்டார். அவ்வளவு கூச்சம் அவருக்கு.

யன்னல் செய்யும் தொழிற்சாலையில் அவர் கண்ணாடி வெட்டினார். சட்டங்களுக்கு ரப்பர் ஒட்டும் வேலை ஒன்று அங்கே எனக்கும் எடுத்துத் தந்தார். நன்றி மறக்கக்கூடாதுதான். ஆனால் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் கேட்டால் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை எடுத்துவிடுவார்கள். முதல் கிழமையே கேட்டுவிட்டேன்.

“அண்ணை, உதிலை ஏறினால் இப்ப போய்ச் சேந்திருப்பமெல்லோ?”

“எதிலை பிள்ளை?”

“401இலைதான்.”

“அது றோட்டில்லைப் பிள்ளை, குழாய். இந்தப் பக்கத்தாலை ஊத்தினால் அந்தப் பக்கத்தாலை வரும். நடுவிலை என்ன கண்டது எண்டு தண்ணியைக் கேட்டால் அதுக்குத் தெரியுமே?”

தண்ணீருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், எனக்கு எட்டு மணிக்கு அட்டை அடிக்க வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஓசியில் காரில் போகிறவள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வழியில் இருக்கும் எல்லாம் அவருக்குப் பாடம். வில்சன் வீதியில் ஓர் இத்தாலியக் கிழவர் முற்றத்தில் அத்திமரம் வைத்திருந்தார். ஐப்பசி முடியும்போது அதைச் சாக்கால் சுற்றி, கயிற்றால் கட்டி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து விடுவார். அதைக் கண்டதும் அண்ணை, “கிழவன் கட்டிப்போட்டான், இனிக் குளிர்தான்” என்பார். சித்திரை மாதத்தில் ஒருநாள் காரை மெதுவாக்கி, “அவிட்டிட்டான், பிள்ளை!” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வானொலிக்காரர் காலநிலை சொல்வதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாம் வருடம், அவர் சொல்ல முன்னரே நான் அந்த மரத்தைத் தேடத் தொடங்கியிருந்தேன். அதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே ஒருநாள் அவருடைய வழி வென்றது. பனி கொட்டிய ஒரு காலையில் 401இல் கார்கள் ஒன்றோடு ஒன்று மோதி, பாதையையே மூடிவிட்டார்கள். தொழிற்சாலையில் நேரத்துக்கு வந்து நின்றது நாங்கள் இரண்டு பேரும், தொழிற்சாலைக்கு முன் வீட்டில் இருந்த ஒருவரும்தான். மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அண்ணை ஒன்றும் நடக்காதது போலக் கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் போய்விட்டார். வேறு ஆளென்றால் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிக் காட்டியிருப்பார். அவருக்காக நான்தான் அதை எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் பேஸ்மன்றில் இருந்தது. சனிக்கிழமைகளில் கூடையோடு நான் கீழே இறங்குவேன். அப்படித்தான் அந்தச் சுவரைப் பார்த்தேன். சாமிப்படம் ஒன்று, கலண்டர் ஒன்று, மிச்சச் சுவர் முழுவதும் ஐரோப்பா. தனித்தனி வரைபடங்களை ஓரம் வெட்டி ஒட்டி, கட்டிலின் தலைமாட்டிலிருந்து கதவு நிலைவரைக்கும் கொண்டுவந்திருந்தார். அதில் தடித்த கறுப்புக் கோடுகள் கிழித்தது போல ஓடின.

“உது என்ன அண்ணை, கறுப்புக் கோடு?”

“அது பெருந்தெருக்கள். வாங்கின உடனை மாக்கராலை அழிச்சுப்போடுவன். அது கண்ணிலை பட்டால் மனம் அங்கைதான் போகும். அழிச்சாப் பிறகு பாரும், எத்தினை றோட்டு மிஞ்சிக் கிடக்கெண்டு.”

உண்மைதான். கறுப்புக் கோடுகளுக்கு நடுவில் மயிரிழை போல மஞ்சளும் வெள்ளையுமாக ஆயிரம் வீதிகள் நெளிந்தன. சிலவற்றுக்குப் பச்சைக் கரை போட்டிருந்தது. பார்க்க அழகான வீதி என்றால் வரைபடம் செய்கிறவர்கள் அப்படிப் பச்சை பூசுவார்களாம். ஒரு கோடையில் மோட்டார் சைக்கிளில் அந்த வழியெல்லாம் போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஊரில் கூட்டுறவுச் சங்கப் பரிசோதகராக மோட்டார் சைக்கிளில் திரிந்தவர் அவர். இங்கேயும் பழைய ஹொண்டா ஒன்று வாங்கி எங்கள் கராஜுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். பங்குனியில் மூடியிருக்கும் துணியை எடுத்து ஒருமுறை முறுக்கிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக் கோப்பைகள் எல்லாம் அதிரும்.

திட்டம் என்றால் சும்மா வாய்ப்பேச்சு இல்லை. வளைந்து வளைந்து போகும் வீதியை அடிக்கோலால் அளக்க முடியாது. அக்கா வீட்டில் தையல் வேலை செய்தார், அவருடைய நூற்கட்டையில் இருந்து நூல் எடுத்து, மெழுகுதிரியில் இழுத்து, ஒவ்வொரு வளைவிலும் குண்டூசி குத்தி அந்த நூலை வீதிமேல் படுக்க வைப்பார். அவருடைய கணக்குப்படி ஒரு மீற்றர் நூல் இருநூறு கிலோமீற்றர். ஒரு நாளைக்கு ஒரு மீற்றருக்கு மேலே ஓடுவதில்லை. எண்ணெய் அடிக்கும் இடத்தில் ஒரு முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை கிராமங்களில் எண்ணெய்க்கடை பூட்டு என்பதால் அன்றைக்கு முடிச்சு நெருக்கமாக விழும். மேற்கே போகும் வீதிகள் எல்லாம் காலைக்குத்தான். பின்னேரம் போனால் வெயில் கண்ணுக்குள் அடிக்குமாம்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன முடிச்சும் இருந்தது.

“இது என்னத்துக்கு?”

“அக்காவுக்கு முழங்கால் நோ. இறங்கி நடக்க வேணும்.”

அறையின் மற்ற மூலையில் தையல் மெஷினில் இருந்த அக்கா காலை எடுத்து மெஷினை நிறுத்தினார்.

“நான் வரேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். நான் யூரோப் பாத்தனான்.”

“எங்கை பாத்தனீர்? லொறிக்குள்ளை கிடந்து பெட்டியைப் பாத்தனீர்.”

“எனக்கு அது காணும்.”

மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நான் என் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

லொறிக் கதையை அக்காதான் பிறகு ஒருநாள் சொன்னார். தோய்த்த கட்டில் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். கனடாவுக்கு வர முன்னர், ஐரோப்பாவின் கிழக்கு மூலையில் ஏற்றிப் பாரிசுக்குக் கிட்டக் கொண்டுபோய் இறக்கினார்களாம். மூன்று நாள். கடுதாசிப் பெட்டிகளை அடுக்கி, அதற்குப் பின்னால் எட்டுப் பேர். எத்தனை நாடுகளைத் தாண்டினார்கள் என்று பிறகு யாரோ சொல்லித்தான் தெரியும். பெருந்தெருவில் போகும்போது சக்கரம் ஒரே சுருதியில் இரையும். அந்த இரைச்சல் மாறி வண்டி நின்றால் எல்லை, அல்லது பொலிஸ். அப்போது எட்டுப் பேரும் மூச்சை அடக்குவார்கள்.

“ஒருக்கால் மட்டும் லொறிக்காரன் சின்ன றோட்டாலை விட்டவன். சோதனை நடக்குதெண்டாக்கும். ஒரு இடத்திலை நிப்பாட்டி, ஒண்டுக்குப் போகச் சொல்லிக் கதவைத் துறந்தவன். அஞ்சு நிமிசமும் இராது. இவர் சொல்லுவார், ரெண்டு பக்கமும் அப்பிள் மரமாம், காய் தொங்கினதாம், ஒரு கிழவன் மோட்டச்சைக்கிளிலை போகேக்கை இவரைப் பாத்துக் கையைக் காட்டினவனாம். மூண்டு நாளிலை இவரை மனிசனா மதிச்சது அவன் ஒருத்தன்தானாம்.”

“நீங்கள் பாக்கேல்லையோ அக்கா?”

“நான் எங்கை பாத்தன்? நான் அந்த மரத்துக்குக் கீழை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு நிண்டனான்.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். விரிப்பை மடித்து முடித்து என் கையில் தரும்போது, “401இலை என்னை ஏத்தினால் எனக்கு இப்பவும் மூச்சு அடைக்கும் பிள்ளை. அதுதான் இவர் ஏறுறேல்லை. நான் இல்லாத நேரத்திலையும் ஏறார்” என்றார்.

அத்தனை காலமாக நான் வாய்க்குள் முணுமுணுத்தது எல்லாம் அன்றைக்கு எனக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை காரில் ஏறியதும் அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். வில்சன் வீதி வந்ததும், கிழவரின் மரத்தில் இலை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். “வெள்ளிக்கிழமையே வந்திட்டுது” என்றார்.

அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்த வருடம் திட்டத்துக்குத் திகதி குறிக்கப்பட்டது. ஆடி மாதக் கடைசியில் தொழிற்சாலை இரண்டு கிழமை மூடும். முன்னும் பின்னும் சனி ஞாயிறைச் சேர்த்தால் பதினாறு நாள். பயணத்துக்கு இரண்டு நாள் போக, பதினாலு மீற்றர் நூல். ஜேர்மனியில் இருந்த அவருடைய பெறாமகன், தமையனின் மகன், தன் மோட்டார் சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருந்தான். அங்கே தொடங்கி, காட்டு வழியால் பிரான்சுக்குள் இறங்கி, பாரிசைத் தொடாமலே மலைப்பக்கமாகத் திரும்புவது. லொறி போன அதே திசை, ஆனால் பச்சைக் கரை போட்ட வீதிகளால். அக்கா வராவிட்டால் தானும் போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனாலும் விமானச் சீட்டு இரண்டு வாங்கியாயிற்று.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவர் கையில் ஒரு பார்சல் கொடுக்காமல் விடுவது பெரிய நட்டம் போல எங்களுக்கு. தபாலில் அனுப்பினால் மூன்று நாள் முந்திப் போகும். ஆனால் ஓர் ஆள் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த வீட்டில் சாப்பிட்டு, “எல்லாரும் சுகமாத்தான் இருக்கினம்” என்று வாயால் சொல்லி வருவதுதான் முறை. பாரிசின் புறநகரில் என் தங்கச்சி இருந்தாள். என் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு அவளால் வர முடியவில்லை. அதைப் பிடித்த வீடியோ கசற் ஒன்று அவளுக்குப் போக வேண்டும். நான் கீழே இறங்கி அண்ணையிடம் கேட்டேன்.

“ஒரு சின்னக் கசற்தான் அண்ணை. பாரமில்லை.”

அவர் சுவரைப் பார்த்தார். பாரிசைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் சிலந்திவலையாகக் கிடந்தன.

“பாப்பம் பிள்ளை” என்றார்.

எங்கள் ஊர்ப் பாஷையில் ‘பாப்பம்’ என்றால் சிலருக்கு இல்லை, சிலருக்கு ஓம். அவருடைய வாயில் இல்லை என்ற சொல்லே வராது என்று தெரிந்துகொண்டுதான் நான் கசற்றை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதோடு நின்றேனா? அடுத்த ஞாயிறு ஒரு கல்யாண மண்டபத்தில், “எங்கட பேஸ்மன்ற் அண்ணை யூரோப்புக்குப் போறார்” என்று பெருமையடித்தேன். சாப்பாட்டு வரிசை முடிய முன்னரே செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வெள்ளி மாலைகளில் எங்கள் வீட்டுப் பக்கக் கதவு ஓயவில்லை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, கல்யாண அல்பம், பிறந்த குழந்தைக்குச் சட்டைகள், பட்டுச்சேலை, இரண்டு போத்தல் மேப்பிள் மரத்துச் சீனிப்பாணி. மோட்டார் சைக்கிளில் போகிறவரிடம் பாணிப் போத்தலைக் கொடுத்துவிட்டு, “கவனம், உடையும்” என்று சொன்னவரை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு பார்சலோடும் ஒரு விலாசம். விலாசத்தில் இருப்பவர்கள் தொலைபேசி எடுத்து, “எங்கட வீட்டிலை ரெண்டு நாளாவது நிக்க வேணும், இல்லாட்டில் கோவம்” என்றார்கள். அவருடைய சொந்தக்காரர்களுக்கும் மணம் பட்டுவிட்டது. பதினாறு நாளுக்குப் பதினொரு வீடு. எல்லாரும் தொழிற்சாலைகளுக்குக் கிட்ட, பெரிய நகரங்களின் ஓரத்தில் இருந்தார்கள். எல்லா வீடும் கறுப்புக் கோட்டின்மேல் விழுந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் உடுப்புத் தோய்க்கப் போகும்போது நூல் இடம் மாறியிருப்பதைக் கண்டேன். மலையில் இருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி நகரத்தில் குத்தியிருப்பார். பிறகு இன்னொன்று. வளைவுகள் குறைந்து நூல் நேராகிக்கொண்டே வந்தது. நாற்பது நிமிட முடிச்சுகளைக் காணோம். ஒரு சனி, மேசையில் புத்தம் புது வரைபடம் ஒன்று விரித்துக் கிடந்தது. அதில் பெருந்தெருக்கள் சிவப்பாகப் பளபளவென்று இருந்தன. மாக்கர் பேனை பக்கத்தில்தான் கிடந்தது, மூடி கழற்றவில்லை. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, கசற்றை வேணுமெண்டால் நான்...”

“சீச்சீ, அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம் பிள்ளை. நீர் உடுப்பைப் போடும்.”

நான் உடுப்பைப் போட்டேன். அன்றைக்கே அந்தக் கசற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். தங்கச்சியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே, அவள் ஆள் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாளே என்று மனம் சாட்டுச் சொன்னது. சாட்டுச் சொல்வதில் எனக்குக் குறைவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு அக்கா கடைக்குப் போகும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வெளியே போவதைக் கண்டேன். மரக்கறிக்காக்கும் என்று நினைத்தேன். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தார், வெறும் வண்டியோடு. நேரே மேலே ஏறி எங்கள் குசினிக்குள் வந்து, தோளில் இருந்த பையில் இருந்து வீடியோ கசற்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது உம்மடை. மற்ற எல்லாம் குடுத்திட்டு வாறன். உம்மடை வீடு கிட்டத்தானே எண்டு கடைசிக்கு வைச்சனான்.”

“என்னக்கா இது?”

“நாங்கள் அந்தப் பக்கம் போகேல்லை. போஸ்ற்றிலை அனுப்பும்.”

என் புத்தியைப் பாருங்கள், வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“தங்கச்சி என்ன நினைப்பாள் அக்கா? ஒரு மணித்தியாலம்தானே...”

அக்கா கதிரையை இழுத்து இருந்தார். ஆறு மணித்தியாலம் வீடு வீடாக ஏறி இறங்கிய களை முகத்தில் இருந்தது. சத்தம் போடவில்லை.

“இஞ்சை பாரும் பிள்ளை. இவர் ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டார், அதாலை நான் சொல்லிக்கொண்டு வாறன். நேற்று முழுக்க அந்தப் புதுப் படத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவர், வாய் துறக்காமல். எனக்கு அதைப் பாக்க ஏலாமல் கிடந்தது. நான் மூண்டு நாள் அந்தக் குழாய்க்குள்ளை கிடந்தனான். உங்கட கசற்றுக்கும் மிளகாய்த்தூளுக்குமாக இன்னொருக்கா அதுக்குள்ளை போகமாட்டன். போறதெண்டால் இவர் முதல் கீறின றோட்டாலை போவன்.”

கசற்றை என் பக்கமாக இழுத்து வைத்தேன். அப்போதுதான் அக்கா சொன்னதன் கடைசித் துண்டு எனக்கு விளங்கியது.

“அப்ப நீங்கள் போறீங்களோ அக்கா?”

“அதுக்குத்தான் வந்தனான். உம்மட்டைப் பழைய ஜீன்ஸ் ஒண்டு கிடக்கே? சீலையோடை அதிலை ஏற ஏலாதாம்.”

என்னிடம் இருந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் போட்டேன். அக்கா வாழ்நாளில் முதல்முறையாக ஜீன்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இதென்ன கோலம்” என்று கட்டிலில் விழுந்து, எழும்பாமல் சிரித்தார். நான் தரையில் இருந்து சிரித்தேன். நீளத்தைக் குறைக்க அவரே குண்டூசி குத்திக்கொண்டார்.

பதினொரு வீட்டுக்காரரும் கோபித்தார்கள். மிளகாய்த்தூள்காரர் இரண்டு வருடம் அவர்களோடு பேசவில்லை. நான் என் கசற்றைத் தபாலில் போட்டேன். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, தங்கச்சி அயலட்டையை எல்லாம் கூப்பிட்டு இருத்தி மெஷினில் போட்டிருக்கிறாள். ஒரே சாம்பல் கோடாக ஓடியதாம். கனடாவில் பிடித்த கசற் அங்கேயுள்ள மெஷினில் ஓடாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அந்த மனிதரைப் பாரிசைச் சுற்ற வைக்கப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணையிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

புறப்பட ஐந்து கிழமை இருந்தது. மாலையில் வேலையால் வந்ததும் அக்காவை ஏற்றிக்கொண்டு பழகப் போவார். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய இரும்புப் பாலம் உள்ள பழைய வீதி. முதல்நாள் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் வயிற்றைக் கட்டிக்கொண்டு போனார். அண்ணைக்கு மூச்சு விடவே கஷ்டமாக இருந்திருக்கும். மூன்றாம் கிழமை எங்கள் வீதி முனையில் திரும்பும்போது ஒரு கையை எடுத்து எனக்கு ஆட்டினார். எனக்கு அது நல்ல சந்தோஷமாக இருந்தது. கீழே சுவரில் நூல் பழையபடி மலைக்குத் திரும்பியிருந்தது. முடிச்சுகளும் வந்திருந்தன.

போனார்கள், பதினாறு நாளில் வந்தார்கள். அடுத்த வருடமே வேறு இடத்தில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் பஸ்ஸிலும் வேறு ஆட்களின் காரிலும், 401இலும் வேலைக்குப் போய்வந்தேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன், வழியில் ஒன்றும் கண்டதாக ஞாபகமில்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று மாலை எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம். இரண்டு பேருக்கும் கண்ணைச் சுற்றி மட்டும் நிறம் வேறாக இருந்தது, மிச்ச முகம் வெயிலில் கறுத்திருந்தது. நான் என்ன பார்த்தீர்கள், எங்கே போனீர்கள் என்று துளைத்தேன். அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்காதான் சொன்னார். ஒரு கிராமத்தில் மணி அடித்ததும் எல்லாரும் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்களாம். மாடுகளின் கழுத்தில் மணியாம். முழங்கால் நோகவே இல்லையாம். பிறகு அவரைப் பார்த்து, “எல்லைக் கதையைச் சொல்லட்டே?” என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சீனியைக் கலக்கினார்.

“ஜேர்மனியிலை இருந்து பிரான்சுக்குள்ளை போற இடம். காட்டுக்குள்ளை சின்ன றோட்டு. இவர் காலமை எழும்பி முகம் வழிச்சு, நல்ல சேட்டுப் போட்டு, ரெண்டு பாஸ்போட்டையும் நெஞ்சுப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டவர். மறிப்பாங்கள், கேப்பாங்கள், எடுத்துக் காட்டுவம் எண்டு. எனக்கெண்டால் நெஞ்சு இடிக்குது. போய்ப் பாத்தால் ஒரு சின்னக் கொட்டில். கதவு பூட்டு. கண்ணாடியாலை பாத்தால் உள்ளுக்கு ஒரு கதிரை மட்டும் கிடக்கு. ஒரு மனிசர் இல்லை.”

“ஒருத்தரும் இல்லையோ?”

“இப்ப அங்கை ஒருத்தரும் நிண்டு பாக்கிறேல்லையாம். பெறாமகன் சொன்னவன்தான், இவர் நம்பேல்லை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, பாஸ்போட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் நிண்டார். பிறகு என்னை இறங்கச் சொன்னார். தனிய அங்காலை போனார். திருப்பிக்கொண்டு இஞ்சாலை வந்தார். பிறகும் போனார். மெல்ல மெல்ல. ஒவ்வொருக்காலும் அந்தக் கொட்டிலடியிலை காலை ஊண்டி, ரெண்டு பக்கமும் பாத்துப்போட்டுத்தான் போறார். நான் ஒரு கல்லிலை இருந்து எண்ணிக்கொண்டிருந்தன். எட்டுத் தரம்.”

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் இன்னும் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார். பெட்டிகளுக்குப் பின்னால் எட்டுப் பேர் என்று அக்கா அன்றைக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

“எட்டாந்தரம் எனக்குக் கிட்ட வந்து நிண்டார். முடிஞ்சுதோ எண்டு கேட்டன். ஓம், முடிஞ்சுது, ஏறும் எண்டார். ஏறினன்.”